வாய்ச்சொல்லும் கையெழுத்தும்



“வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்” என்பது நம் பெரியோர் வாக்கு. கல்யாணம் செய்து முடித்தவர் கடனைப் பற்றிப் பேசுவார். வீடு கட்டி முடித்தவர் மேஸ்திரியைப் பற்றிப் பேசுவார். அந்த மேஸ்திரியைத் தேடிப் போய்க் கேட்டால், அவர் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவார். இருவர் பேச்சிலும் ஓரளவு உண்மை இருக்கும். இருவர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டேனும் இராது. இத்திங்கள் நாம் எழுத எடுத்துக்கொண்டது இதைப் பற்றியே.

நாம் வக்கீல் அல்லேம். பள்ளியிறுதி வகுப்பு வரை படித்து, ரயில்வேயில் கட்டிடப் பணிகளின் கணக்குப் பிரிவில் எழுத்தர் வேலை பார்த்து வருகிறோம். ஆயினும், காகிதத்தின் அருமை இன்னதென்பதை எமக்குக் கற்றுக்கொடுத்த இடம் அதுவே. எத்தனை பெரிய கண்டிராக்டர் ஆனாலும், அவருடைய பில் அளவுப் புத்தகத்தை ஒட்டியே எமது மேசையைக் கடக்கும். அப்புத்தகத்தின் பக்கங்களுக்கு எண் இடப்பட்டிருக்கும். ஒரு தாளைக் கிழிக்கலாகாது, எழுதியதை அழிக்கலாகாது. பிழை நேர்ந்தால் ஒரு கோடு கிழித்து, மேலே திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். மண்ணுக்குள் மறையும் அஸ்திவாரமும், கான்கிரீட்டுக்குள் மறையும் கம்பியும் மூடப்படுவதற்கு முன்பே அளந்து எழுதப்பட வேண்டும். அளந்தவரும் ஒப்புவர், வேலை செய்தவரும் ஒப்புவர். அதன் பிறகே பணம்.

அரசாங்கப் பணத்துக்கு இத்தனை காவல் உண்டு. ஆனால் நம்மவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த பணத்தைச் செலவிடும்போது, “நம்ம ஊர்க்காரர்தானே” என்ற ஒரே காவலை நம்பி விடுகின்றனர்.

இனி, நடந்ததைச் சொல்லுவோம். பெயர்கள் வேண்டா.

தாராவி 90 அடிச் சாலைக்கு அருகில் குடியிருக்கும் மேஸ்திரி ஒருவர், திருநெல்வேலிச் சீமையிலிருந்து சிறுவயதிலேயே வந்தவர். ஐம்பத்தைந்து வயது. கொத்துக் கரண்டியைத் தவிர வேறு எதையும் பிடித்தறியாத கை. சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்து, “தம்பி, ஒரு பெட்டிசன் எழுதித் தரணும்” என்றார். செம்பூரில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருடைய சொந்த வீட்டில் மொட்டை மாடிக்கு நீர்க்காப்பும், சுவர்களுக்குப் பூச்சும், இரண்டு குளியலறைகளும் செய்து கொடுத்தாராம். பேசிய தொகை 4,60,000 ரூபாய். இடையில் பெரியவர் கைப்பிடிச் சுவரை உயர்த்தச் சொன்னார். தண்ணீர்த் தொட்டிக்கு மேடை கட்டச் சொன்னார். அதற்கு மேஸ்திரியின் கணக்கு 40,000. வேலை நடக்கையில் வந்தது 3,70,000. பின்னர் ஒரு தீபாவளிக்கு முதல்நாள் பெரியவர் 10,000 ரூபாயை நோட்டுகளாகக் கையில் கொடுத்தார். ஆக, வர வேண்டியது 1,20,000 என்பது இவர் கட்சி. வேலையாட்களுக்குக் கூலி நிறுத்தக்கூடாது என்று மனைவியின் வளையல்களை அடகு வைத்துக் கொடுத்திருக்கிறார். வளையல்கள் இன்னும் மீளவில்லை.

பெரியவரும் நமக்குத் தெரிந்தவரே. சங்கத்துப் பொங்கல் விழாவுக்குத் தவறாமல் வருபவர். அவரைக் கண்டு கேட்டோம். “தம்பி, முதல் மழையிலேயே படுக்கையறைச் சுவர் ஊறிவிட்டது. நான் ஏன் மிச்சப் பணம் கொடுக்க வேண்டும்?” என்றார். மேஸ்திரியிடம் திரும்பி வந்து கேட்டோம். “பழைய கோபாவை முழுக்கப் பேர்த்தெடுக்கணும்னு சொன்னேன் தம்பி. செலவு ஏறும், மேலேயே போடு என்றார் ஐயா” என்றார். கோபா என்பது மும்பைக் கட்டிடங்களில் செங்கல் துண்டுகளைச் சுண்ணக் கலவையிலோ சிமெண்டுக் கலவையிலோ பரப்பி, வாட்டம் கொடுத்து அமைக்கும் தளம். பழையது வெடித்திருக்க, அதன்மேல் புதியது போட்டால் நீர் வழி கண்டுபிடித்துக்கொள்ளும். மேஸ்திரி எச்சரித்தாரா? பெரியவர் மறுத்தாரா? இரண்டும் மொட்டை மாடியில், வெயிலில், இரண்டு பேருக்கிடையே நடந்த பேச்சு. மூன்றாவது சாட்சி சூரியன் ஒருவனே.

இருவரையும் அழைத்துக்கொண்டு சட்டப் பணிகள் ஆணையத்தின் அலுவலகத்திற்குச் சென்றோம். இப்படி ஓர் அலுவலகம் இருப்பதே நம் அன்பர் பலருக்குத் தெரியாது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி அமைந்தது இது. அச்சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஊனமுற்றோர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கும், அரசு விதித்த வரம்புக்குள் வருமானம் உள்ளோருக்கும் கட்டணமின்றி வக்கீல் வைத்துத் தரப்படும். 15100 என்ற தொலைபேசி எண்ணில் கேட்டாலும் வழி சொல்லுவர். கையில் காசில்லை என்பதற்காக நியாயத்தைக் கைவிட வேண்டியதில்லை.

அங்கிருந்த வக்கீல் அம்மையார் பொறுமையாய்க் கேட்டார். இறுதியில் ஒரே கேள்வி கேட்டார்: “வேலை முடிந்தது எப்போது?”

கணக்குப் பார்த்தோம். மூன்று ஆண்டும் இரண்டு திங்களும் ஆகியிருந்தன.

அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின்படி, செய்த வேலைக்குக் கூலி கேட்டு வழக்கிட வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளே உண்டு. அதற்குள் கடன்பட்டவர் “இவ்வளவு தர வேண்டும்” என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தால், அன்று முதல் மூன்று ஆண்டு புதிதாய்த் தொடங்கும். ஒரு பகுதிப் பணத்தைக் கொடுத்து, கொடுத்ததை எழுதிக் கையொப்பமிட்டிருந்தாலும் அவ்வாறே. தீபாவளிப் பணம் 10,000 கைமாறியபோது ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் மேஸ்திரியின் வழக்கு உயிரோடிருக்கும். எழுதப்படவில்லை.

பெரியவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அம்மையார் அவர் பக்கம் திரும்பினார். “உங்களுக்கும் அதே கதைதான் ஐயா” என்றார். வீடு கட்டுவதும் பழுது பார்ப்பதும் கூலிக்குச் செய்யப்படும் ‘சேவை’ என்று சட்டம் கொள்கிறது. 1993இல் லக்னோ வளர்ச்சி ஆணையத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் வீட்டுக் கட்டுமானம் என்ற சொல்லே இடம்பெற்றுள்ளது. ஆதலின், ஒழுகும் தளத்துக்காகப் பெரியவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்குப் போயிருக்கலாம். கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய்க்கு உட்பட்டதாயின் அங்கே கட்டணமும் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் அதற்குக் காலம் இரண்டே ஆண்டு. அவர் அதையும் கடந்திருந்தார்.

ஆக, ஒருவர் மூன்று ஆண்டு கோபத்தில் இருந்தார். மற்றவரும் மூன்று ஆண்டு கோபத்தில் இருந்தார். இருவருக்கும் கதவு சாத்தப்பட்டது. கோபத்துக்குக் காலவரையறை இல்லை; வழக்குக்கு உண்டு.

முடிவைச் சொல்லுமுன், வாசகக் குடும்பங்கள் மனத்தில் இருத்த வேண்டியவற்றை வகைப்படுத்திச் சொல்லி விடுகிறோம்.

முதலாவது, வேலை செய்பவருக்கு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வாய்ப்பேச்சையும் ஒப்பந்தமாகவே ஏற்கிறது. இனாமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பயனை மற்றவர் அனுபவித்தால், அதற்கு ஈடு தர வேண்டும் என்று அச்சட்டத்தின் 70ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் உரிமை இருப்பது வேறு, மெய்ப்பிப்பது வேறு. எழுத்து ஒப்பந்தமும் திட்டமான தொகையும் இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆம் கட்டளையின்கீழ்ச் சுருக்க வழக்கு இடலாம். அதில் எதிராளி வழக்காடுவதற்கே நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். வாய்ப்பேச்சுக்கு அந்தக் குறுக்குவழி இல்லை. சாட்சி, குறுக்கு விசாரணை என்று நெடுவழியே நடக்க வேண்டும். பெரிய வேலை எடுப்போர், தகராறு வந்தால் நடுவர் முன் தீர்த்துக்கொள்வோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டம் அதற்கு வழி செய்கிறது.

இன்னொன்று. அனுமதியின்றி மாடி எழுப்பும் வேலைக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு பிறகு நீதிமன்றத்துக்குப் போனால், சட்டத்துக்கு மாறான ஒப்பந்தத்துக்கு நீதிமன்றம் கை கொடுக்காது. அதில் கூலியை இழப்பவரும் உண்டு. வீட்டையே இழப்பவரும் உண்டு. வொர்லியின் கேம்பகோலா வளாகத்தில் ஐந்து மாடிக்கு மேல் அனுமதியின்றி எழுந்தவற்றைச் சட்டவிரோதம் என்று 2013 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பணம் கொடுத்து வாங்கி, பல்லாண்டு குடியிருந்தோர் அவற்றை விட்டு வெளியேற நேர்ந்தது. மும்பை மாநகராட்சியின் அனுமதித் தாளைப் பார்க்காமல் கரண்டியை எடுக்க வேண்டா. காசையும் எடுக்க வேண்டா.

இரண்டாவது, கட்டிடம் கட்டுவோரிடம் புதுவீடு வாங்குவோருக்கு. இவர்களுக்கு வேறு காவல் உண்டு. மகாராஷ்டிரத்தில் 1963ஆம் ஆண்டிலேயே அடுக்கு வீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. முன்பணம் வாங்குமுன் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்று அன்றே விதித்தனர். அச்சட்டத்தின் துணையால் வந்த ஒரு தீர்ப்பை நாம் அறிந்திருக்க வேண்டும். தஹிசர் பாஞ்சாலி கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் தூண்தள வாகன நிறுத்துமிடங்கள் தமக்கே உரியவை என்று அதைக் கட்டிய நிறுவனம் நகர உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனது; தோற்றது. உயர்நீதிமன்றத்தில் தோற்றது. 2010 ஆகஸ்டு 31 அன்று உச்ச நீதிமன்றமும், அவ்விடம் அனைவர்க்கும் பொது, தனியே விற்கத்தக்கதன்று என்று தீர்த்தது. சாதாரண வீட்டுச் சங்கம் ஒன்று ஒற்றுமையாய் நின்று வென்ற வழக்கு இது.

2016ஆம் ஆண்டின் வீட்டுமனைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி 2017இல் மகாரேரா என்னும் ஆணையம் ஏற்பட்டது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேற்பட்டோ கட்டி விற்பவர் அங்கே பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வாங்கக்கூடாது. வாங்குவோர் தரும் பணத்தில் நூற்றுக்கு எழுபது தனிக் கணக்கில் இருக்க வேண்டும். குறித்த நாளில் வீடு தராவிடில் வட்டியுடன் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வீட்டைப் பெற்ற ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை கண்டு தெரிவித்தால், 30 நாட்களுக்குள் கட்டியவர் தம் செலவில் சரி செய்ய வேண்டும். வழக்குக்கு முன் இருதரப்பையும் அமர்த்திப் பேசவைக்கும் சமரச மன்றமும் 2018 முதல் மகாரேராவில் உண்டு. ஆயினும் ஒன்று: சொந்த வீட்டில் பழுது பார்க்கும் மேஸ்திரி வேலை மகாரேராவின் எல்லைக்குள் வராது. அதற்கு நுகர்வோர் ஆணையமும் உரிமையியல் நீதிமன்றமுமே வழி.

மூன்றாவது, மறுகட்டுமானத்துக்குக் காத்திருப்போருக்கு. மாதுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டிடங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் இடிபடுகின்றன. கூட்டுறவு வீட்டுச் சங்கங்கள் இதில் எவ்வாறு நடக்க வேண்டும் என்று கூட்டுறவுச் சட்டத்தின் 79அ பிரிவின்கீழ் 2009இல் அரசு நெறிமுறை வகுத்து, 2019 ஜூலை 4 அன்று திருத்தி வெளியிட்டது. பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். கட்டுபவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். சாவியைக் கொடுக்குமுன், புதுவீட்டின் பரப்பும், இடைக்கால வாடகையும், திரும்பும் நாளும் எழுதிய நிரந்தர மாற்றுவீட்டு ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். “எல்லோரும் கொடுத்துவிட்டார்கள்” என்பது ஒரு காரணம் ஆகாது.

தாராவி அன்பர்களுக்கும் ஒரு சொல். 2022இல் ஏலம் எடுக்கப்பட்டு, மாநில அரசுக்கு நூற்றுக்கு இருபது பங்குள்ள கூட்டு நிறுவனத்தின் பொறுப்பில் தாராவி மறுசீரமைப்பு உள்ளது. யாருக்கு எங்கே வீடு என்பதில், எந்த ஆண்டிலிருந்து குடியிருக்கிறோம் என்பதற்கான ஆதாரமே பெரிது. 2000 சனவரி 1 என்ற நாள் இதில் முக்கியமான எல்லைக்கல். பழைய மின்கட்டணச் சீட்டு, வாக்காளர் பட்டியல், குடும்ப அட்டை, ஒளிப்படச் சீட்டு ஆகியவற்றைக் குப்பையென்று எண்ணிக் கழித்துவிட வேண்டா. மழைநீர் புகாத பெட்டியில் வைத்து, ஒரு படி எடுத்து ஊரிலும் கொடுத்து வையுங்கள்.

இனி, நம் ரயில்வே அலுவலகத்திலிருந்து இரவல் வாங்கிய ஒரு யோசனை. வீட்டில் சிறு வேலை நடந்தாலும் நூறு பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். பக்கங்களுக்கு எண் இடுங்கள். முதற்பக்கத்தில் என்ன வேலை, என்ன பொருள், என்ன விலை, எந்நாளில் முடியும் என்று எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். கூடுதல் வேலை சொன்னால், சொன்ன அன்றே எழுதுங்கள். கொடுத்த பணமெல்லாம் அதில் ஏற வேண்டும். ஓட்டுக்கு அடியில், பூச்சுக்கு அடியில் மறையும் வேலையை மூடுமுன் அளந்து, கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள். நீர்க்காப்பு வேலையாயின் ஓடு பதிக்குமுன் இரண்டு மூன்று நாள் தண்ணீர் கட்டிச் சோதியுங்கள். அரசுத் துறைகளில் செய்வதுபோல, தொகையில் ஒரு சிறு பகுதியை ஒரு மழைக்காலம் கழித்துத் தருவதாக முன்னதாகவே பேசி எழுதிக்கொள்ளுங்கள். முன்னதாகப் பேசினால் அது ஏற்பாடு. பின்னால் பிடித்து வைத்தால் அது சண்டை.

“எழுதிக் கேட்டால் நம்பவில்லை என்று நினைப்பார்களே” என்று சிலர் தயங்குவர். அன்பர்களே, எழுதாமல் விட்டதனால்தான் இந்த இருவரும் மூன்று ஆண்டு ஒருவரையொருவர் நம்பாமல் இருந்தனர்.

இப்போது கதையின் முடிவு. வக்கீல் அம்மையார் பேனாவை மீண்டும் எடுத்தார். “நீதிமன்றக் கதவுதான் சாத்தியிருக்கிறது, உங்கள் கதவு சாத்தவில்லையே” என்றார். ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் மூன்றாம் உட்பிரிவு ஒன்று உண்டாம். காலங்கடந்த கடனையும், முழுமையாகவோ பகுதியாகவோ கொடுப்பதாகக் கடன்பட்டவர் எழுதிக் கையொப்பமிட்டால், அது செல்லத்தக்க ஒப்பந்தம் ஆகும். அதாவது, மனச்சாட்சிக்கு மறுபடி சட்டத்தின் கையெழுத்தைப் பெற்றுத்தரும் பிரிவு அது.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ரயிலில் திரும்பும்போதும் பேசவில்லை. குர்லாவைத் தாண்டியதும், “வளையல் இன்னும் அடகிலேயா இருக்கிறது?” என்று மட்டும் மேஸ்திரியைக் கேட்டார்.

அடுத்த ஞாயிறு, நம் சங்கத்து அன்பரான ஓய்வு பெற்ற ஓவர்சியர் ஒருவரை அழைத்துக்கொண்டு செம்பூர் மொட்டை மாடியில் ஏறினோம். அவர் மட்டப்பலகை வைத்துப் பார்த்தார். வாளியால் நீர் ஊற்றிப் பார்த்தார். கிழக்கு மூலையில் வாட்டம் தவறியிருந்தது. அது மேஸ்திரியின் பிழை. நடுவில் பழைய கோபாவின் வெடிப்பு மேலே தெரிந்தது. அது பேர்க்க வேண்டா என்று சொன்னவரின் பிழை. கைப்பிடிச் சுவரையும் தொட்டி மேடையையும் அளந்து, கூடுதல் வேலைக்கு 20,000 தகும் என்றார். மேஸ்திரி சற்று முணுமுணுத்தார், பின் ஒப்புக்கொண்டார். கிழக்கு மூலையைத் தம் செலவில் சரி செய்வதென்றும், பெரியவர் மொத்தம் 1,00,000 ரூபாயை ஐந்து தவணைகளில் தருவதென்றும் முடிவாயிற்று. அம்மையார் எழுதித் தந்த தாளில் இருவரும் கையொப்பமிட்டனர். நாமும் சாட்சிக் கையொப்பமிட்டோம்.

முதல் தவணை 20,000 சென்ற வாரம் கைமாறியது. பணத்தை வாங்கிய மேஸ்திரி எழுந்து போகவில்லை. சட்டைப் பையிலிருந்து புதிதாய் வாங்கிய ரசீதுப் புத்தகத்தை எடுத்து, எண் ஒன்று என்று போட்டு, மெள்ள மெள்ள எழுதினார். “தம்பி, ‘பற்று’வா, ‘வரவு’வா?” என்று கேட்டார். “வரவு, அண்ணாச்சி” என்றோம்.

வாசகக் குடும்பங்களில் இத்தகைய தகராறு உள்ளோர், வேலை முடிந்த நாளை முதலில் கணக்கிட்டுப் பாருங்கள். காலம் இன்னும் இருந்தால் இன்றே ஒரு வரி எழுதி வாங்குங்கள். காலம் கடந்திருந்தால் எதிராளியின் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

வணக்கம்.